காய்ச்சல் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்

முதலில் கவனித்தது என் அம்மாதான். "ஏப்பா, ராத்திரி நிரப்பி வச்ச பானை விடியக்குள்ள பாதியாயிருக்கு, யாரு இம்புட்டுத் தண்ணி குடிக்கிறா?" என்று கேட்டார்.

2020 ஜூன் நடுப்பகுதி. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். குடித்தது என் மகன், ஒன்பது வயது. அந்த வெயிலுக்கு யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அம்மா அவனுக்கு நன்னாரி சர்பத் போட்டுக் கொடுத்தார். நான் என் பங்குக்குக் குளுக்கோஸ் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்து கரைத்துக் கொடுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அப்புறம் ராத்திரியில் படுக்கையை நனைத்தான். நான்காம் வகுப்பு முடித்தவன் இல்லையா, வெட்கப்பட்டுப் போர்வையைச் சுருட்டி மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். "கொரோனா நியூசைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை பயந்து கெடக்கு" என்று அவன் அப்பத்தா சொல்ல, நாங்கள் டிவியை அணைத்தோம். டவுசர் இடுப்பில் நிற்காமல் அரணாக்கயிற்றில் செருகிக்கொண்டு திரிந்தான். பள்ளிக்கூடம் மார்ச்சிலேயே மூடிவிட்டது. திறந்திருந்தால், பீரியடுக்கு இரண்டு தடவை ஒன்றுக்குக் கேட்டு எழுந்து நிற்கிற பையனை டீச்சர் திட்டியாவது என் காதில் போட்டிருப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். தமிழ்நாட்டின் முதல் கொரோனா இறப்பே மார்ச் 25 அன்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றாலே அங்கே போய் நோயை வாங்கி வருவது என்று அர்த்தமாகிவிட்டது. டெஸ்ட் எடுத்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் இல்லாததால் ஏற்கெனவே வருமானம் இல்லை. தகரமும் அடித்துவிட்டால் எப்படிப் பிழைப்பது என்றுதான் யோசித்தேன்.

ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் முழு ஊரடங்கு. எங்கள் ஊர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. எங்களுக்குத் தெரிந்த குழந்தை டாக்டர்கள் எல்லோரும் உள்ளே.

வழக்கமாகக் காட்டும் டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல். கிளினிக்கைப் பூட்டிவிட்டு போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்டது மூன்று கேள்விகள். காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? வீட்டுக்கு யாராவது சென்னையிலிருந்து வந்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப ஒன்னும் கவலைப்படாதீங்க" என்றார். போனை வைத்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு லேசானது. தண்ணீர் அதிகம் குடிக்கிறான் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. நேரில் பார்த்திருந்தால் அந்த மெலிந்த தோள்பட்டை ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

25ஆம் தேதி வாந்தியும் வயிற்று வலியும் வந்தது. பக்கத்து ஊரில் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கயிறு கட்டி வாசலிலேயே நிறுத்தி, நெற்றியில் துப்பாக்கி மாதிரி கருவியை நீட்டினார்கள். காய்ச்சல் இல்லை. வாந்தி மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் கயிற்றுக்கு மேலாகக் கைக்கு வந்தன.

27ஆம் தேதி விடியற்காலை மூச்சு வாங்க ஆரம்பித்தான். ஓடி வந்தவன் போல, ஆழமாக, நிற்காமல். 108-ஐக் கூப்பிட்டோம். செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாகக் காளவாசல் வரும்வரை சாலையில் ஈ, காக்கா இல்லை. இவ்வளவு நாளும் காய்ச்சல் இல்லை என்று திருப்பி அனுப்பிய உலகம், இப்போது மூச்சுத் திணறல் என்றதும் கொரோனா என்று முடிவு கட்டியது. முதலில் போன ஆஸ்பத்திரியில் காவலாளியே கையைக் காட்டிவிட்டார், டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் உள்ளே விட முடியாதாம். ஸ்ட்ரெச்சரைக்கூட இறக்க விடவில்லை. இரண்டாவது இடத்தில் இறக்கினார்கள். ஆனால் கொரோனா சந்தேக வார்டில்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. முழுக் கவச உடை, கண் மட்டும்தான் தெரிந்தது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 99. நெஞ்சில் வைத்துக் கேட்டார், சளி இல்லை. "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, பின்னே ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர், என் மனைவி பக்கம் திரும்பி, "தண்ணி நிறையக் குடிச்சானா?" என்றார். பத்து நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் வைத்தார்கள். எண் வரவில்லை, 'ஹை' என்று வந்தது. 600-ஐத் தாண்டினால் அந்த மீட்டர் எண்ணைக் காட்டாதாம்.

பிள்ளைக்கு எப்படி சுகர் வரும் என்றுதான் நானும் கேட்டேன். பெரியவர்களுக்கு வருவது வேறு, இது டைப் 1. இன்சுலின் சுரப்பதே நின்றுபோவதால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும். அதில் அமிலம் சேரும். அந்த அமிலத்தைக் கழிக்கத்தான் மூச்சு அப்படி வாங்குகிறது. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னவர், கடைசியில் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. இந்த நிலையில் மூச்சில் பழம் அழுகினது போல ஒரு வாசனை வரும். "சாதாரண நாளா இருந்தா பக்கத்துல வந்ததுமே பிடிச்சிருப்பேன். இந்த மாஸ்க்ல ஒன்னும் தெரியலங்க."

எங்கள் பெரியப்பாவுக்கு சுகர். அவர் வீட்டு டிவி மேலேயே குளுக்கோமீட்டர் இருந்தது. பக்கத்து வீடுதான்.

குழந்தைகள் ஐசியூவில் படுக்கை காலியாக இருந்தும் ரிசல்ட் வரும்வரை சேர்க்க முடியாது என்றார்கள். ஆகவே சந்தேக வார்டிலேயே சிகிச்சை தொடங்கியது. சலைன், ஒரு மணி நேரம் கழித்து இன்சுலின் சொட்டு. வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் ஆபத்து உண்டாம், அதனால் சர்க்கரையை மெதுவாகத்தான் குறைப்பார்கள். மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்த வேண்டும். இரட்டைக் கையுறையோடு அந்தச் சின்ன விரலைப் பிடித்துக் குத்த நர்சம்மா பட்ட பாட்டை மனைவி போனில் சொல்லி அழுதாள். துணைக்கு ஒருவர்தான் என்பதால் உள்ளே அவள், வெளியே நடைபாதையில் நான். டீக்கடை ஒன்றுகூட இல்லை. அம்மா உணவக இட்லியில்தான் அந்த நாட்கள் ஓடின. மறுநாள் சாயங்காலம் நெகட்டிவ் வந்தது. உடனே வார்டு மாற்றினார்கள். எட்டாம் நாள் வீடு.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. இன்சுலின் குப்பியில் 40 என்று போட்டிருந்தது, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சுதான் சரி. எங்கள் பக்க மருந்துக் கடைகளில் அது தீர்ந்துபோய், ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சைக் கொடுத்து "எல்லாம் ஒன்னுதான்" என்றார்கள். ஒன்று இல்லை. அதில் 10 கோடு ஏற்றினால் உள்ளே போவது 4 யூனிட்தான். இரண்டு நாள் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, சிரிஞ்சைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் விளங்கியது. கரண்டு போகும் நாட்களில் இன்சுலின் சூடாகாமல் இருக்கப் பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து. அந்தப் பானை விஷயத்தை மட்டும் என் அம்மா யாரும் சொல்லாமலே ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

இந்தக் களேபரத்தில் சின்னவளுக்குப் பதினாறு மாதத்தில் போட வேண்டிய பூஸ்டர் ஊசி தவறிப்போனது. ஒரு புதன்கிழமை எங்கள் ஊர் நர்சம்மா வீடு தேடி வந்து கேட்டபோதுதான் நினைவே வந்தது.

அடுத்த வருடம் பரிசோதனைக்குப் போனபோது, எங்களைப் போல எத்தனை பேர் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஜெர்மனியில் கணக்கு எடுத்திருக்கிறார்களாம். 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட 532 பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் என் மகனைப் போல அமிலம் ஏறிய நிலையில்தான் வந்தார்களாம். முந்தைய வருடம் அது 24.5. அவ்வளவு வசதி இருக்கிற ஊரிலேயே அப்படி என்றால் சரி, நாங்கள் மட்டும் மடையர்கள் இல்லை என்று ஒரு அற்ப ஆறுதல்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளிக்கூடம் திறந்தது. ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளி. டாக்டர் கடிதத்தையும், சர்க்கரை இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ் பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். வாசலில் ஒரு டீச்சர் அதே துப்பாக்கிக் கருவியை அவன் நெற்றிக்கு நேரே நீட்டி, "காய்ச்சல் ஏதும் இருக்கா தம்பி?" என்றார்.

"காய்ச்சல் இல்ல டீச்சர். சுகர் 140" என்றான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.