கப்பலிலிருந்து இறங்கி வந்த அம்மன்

நாகசாகியில் டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, தூறலில் கொஞ்ச தூரம் நடந்தால் சோஃபுகுஜி கோயில். சிவப்பு வாசலைப் பார்த்ததும் ஜப்பானில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. 1629-ல் ஃபூஜோ பக்கத்துச் சீன வணிகர்கள் கட்டியது. உள்வாசலுக்கான மரத்தைச் சீனத்துத் துறைமுகமான நிங்போவில் செதுக்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் புத்தர் மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் தேடி வந்தது இங்கே இருக்கும் சீனக் கடலம்மனை. ஃபூஜியன் கரையோரத்து மெய்ஜோ தீவில் 960-ல் பிறந்த லின் மோ என்ற பெண்தான் பின்னாளில் மாலுமிகளின் தெய்வமானாள் என்பது கதை. சீனத்தில் மாட்ஸு. (‘மாசு’ என்று எழுதினால் தமிழில் அழுக்காகிவிடும்!) ஜப்பானியர் வாயில் மாசோ.

அவளுக்குத் தனி வாசலும் தனி மண்டபமும் உண்டு. உள்ளே இருட்டு. கண் பழகியதும் முதலில் தெரிந்தது அம்மன் இல்லை, காவலர்கள் இருவரும்தான். ஒருவன் ஆயிரம் காதம் பார்ப்பவன், இன்னொருவன் காற்றில் வரும் ஒலியைக் கேட்பவன். மிரட்டும் முகம் இருவருக்கும். புயலில் கூப்பிடும் மாலுமியைப் பார்க்கவும் கேட்கவும் ஆள் வேண்டுமே! நடுவில் அவள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கப்பல் சிலைகளின் கதை. அந்தக் காலத்துச் சீனக் கப்பல் ஒவ்வொன்றிலும் மாட்ஸு சிலை இருக்கும். நாகசாகியில் நங்கூரம் போட்டதும் சிலையைக் கப்பலிலேயே விட்டுவிட மாட்டார்கள். சேகண்டி அடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். சரக்கை விற்று முடித்துக் கிளம்பும்போது மறுபடி ஊர்வலம், மறுபடி கப்பல். அம்மனுக்கும் கரையில் ஓய்வு! இன்று விளக்குத் திருவிழாவில் அந்த ஊர்வலத்தை நடத்திக் காட்டுகிறார்கள்.

நாகசாகியில் இப்படிச் சீனக் கோயில்கள் எழுந்ததில் பக்தி மட்டும் இல்லை, பயமும் உண்டு. ஜப்பானில் கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்த காலம். ‘நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை’ என்று சீனர்கள் காட்டியாக வேண்டியிருந்தது.

வெளியே வரும்போது ஒரு பெரிய இரும்புக் கொப்பரை. 1682-ல் பஞ்சத்தின்போது கஞ்சி காய்ச்சி ஊற்றியதாம். ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம், அவ்வளவு பெரிது.

அப்புறம் தோக்கியோ போனபோது, ரயிலேறி இபராக்கி கடற்கரையில் இசோஹாராவுக்கும் ஒரு நடை போய்வந்தேன். நாகசாகியில் வந்திறங்கிய ஷின்எட்சு என்ற சீனத் துறவியை, இந்தப் பகுதியை ஆண்ட மிதோவின் பிரபு தோகுகாவா மிட்சுகுனி தன் ஊருக்கு அழைத்துக்கொண்டார். அந்தத் தொடர்பில்தான் 1690-ல் கடலைப் பார்த்த குன்றின்மேல் மாட்ஸுவுக்குக் கோயில் எழுந்தது. இங்கே அவள் பெயர் தென்பி, அதாவது வானத்து அரசி. வணங்கியவர்கள் ஜப்பானிய மீனவர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் அதே வம்சத்துப் பிரபு நாரியாகிக்கு அந்நிய தெய்வம் ஒத்துவரவில்லை. அவளை நகர்த்திவிட்டு, கணவனின் கப்பலைக் காக்கக் கடலில் குதித்த ஒதோதாச்சிபானா என்ற இளவரசியை மூலத் தெய்வமாக்கிவிட்டார். அவரும் கடல்காரியையே தேடிப் பிடித்ததைக் கவனியுங்கள்.

கோயிலின் பெயர் இப்போது இளவரசியுடையது. குன்றை மட்டும் இன்னும் தென்பி மலை என்றுதான் சொல்கிறார்கள்.