ஓட்டல் சுகாதார அறிக்கையில் எந்த வரியை நின்று படிப்பது?

பக்கத்துத் தெரு ஓட்டலின் சுகாதார ஆய்வு அறிக்கை கையில் கிடைத்தால், எல்லோர் கண்ணும் மதிப்பெண்ணில்தான் போய் நிற்கும். ஆய்வாளர் ஒரு நாள், கொஞ்ச நேரம் பார்த்த நிலவரம் அது. கடைசி மூன்று நான்கு அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். உடைந்த தரை ஓடு, மங்கலான விளக்கு எல்லாம் ஒருமுறை வந்தால் போகட்டும். ஒரே குறை மூன்று முறை வந்தால் விடக் கூடாது.

வெப்பநிலை வரிகளை நிதானமாகப் படிக்க வேண்டும். குளிரில் வைப்பது 5 டிகிரி செல்சியஸுக்குள், சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேல். இதுதான் பரவலான கணக்கு, இடத்துக்கு இடம் ஓரிரு டிகிரி மாறும். ‘ஃபிரிட்ஜ் 9 டிகிரி’ என்று இருந்தால், காற்றை அளந்ததா, உணவுக்குள் தெர்மாமீட்டரைக் குத்தி அளந்ததா என்று பாருங்கள். கதவை அடிக்கடி திறந்தால் காற்று சட்டென்று சூடாகும். உணவே 9 டிகிரி என்றால் கோளாறு நெடுநேரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் எனக்கு அதிகம் பயம் தருவது ஆறவைக்கும் முறை. முந்தைய இரவு சமைத்த சூப்பை ஆழமான பாத்திரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளியிருப்பார்கள். காலையில் தொட்டால் ஓரம் ஜில்லென்று இருக்கும், நடுவில் இன்னும் வெதுவெதுப்பு. பேசில்லஸ் சீரியஸ், குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்ற பாக்டீரியாக்களின் ஸ்போர்கள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், கொதியிலும் தப்பிவிடும். அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்துப் பெருகும். மறுபடி சுடவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அதனால்தான் சுமார் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறக்கச் சொல்கிறார்கள். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. கெட்டியாக இருந்தால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

‘கை கழுவும் தொட்டியில் பாத்திரங்கள்’ என்ற வரி அற்பமாகத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் அங்கே கை கழுவியிருக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் விஷயத்தில் சானிடைசரை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். பச்சை இறைச்சியை மேல்தட்டிலும் சமைத்ததைக் கீழ்த்தட்டிலும் வைத்திருந்தால் அதுவும் பெரிய தப்புதான். சொட்டு கீழேதான் விழும்.

‘அங்கேயே சரிசெய்யப்பட்டது’ என்று பார்த்ததும் நிம்மதி வேண்டாம். தொட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது. ஃபிரிட்ஜ் விஷயம் வேறு. உணவை வேறு ஃபிரிட்ஜுக்கு மாற்றினாலே அப்படி எழுதிவிடலாம். குளிர் நிற்காமல் போகக் காரணமான கிழிந்த கதவு ரப்பர் அப்படியே இருக்கும். அடுத்த அறிக்கையிலும் அதே ஃபிரிட்ஜ், அதே 9 டிகிரி என்று வந்தால், ரப்பரை இன்னும் மாற்றவில்லையா என்று உரிமையாளரிடம் நேராகவே கேளுங்கள்.