ஹுஸ்தோ கொன்சாலெஸ்: சபையிலிருந்து எழுந்த ஆய்வு

1937இல் ஹவானாவில் பிறந்து, கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் இறையியல் பயின்று, 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மெதடிஸ்ட் அறிஞர் ஹுஸ்தோ கொன்சாலெஸைத் திருச்சபை வரலாற்றாசிரியராகவே பலரும் அறிவர். புவேர்ட்டோ ரீக்கோவிலும் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திலும் கற்பித்த அவரை நான் பெரிதும் மதிப்பது வேறொரு பணிக்காக.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோரின் இறையியல் கல்வி எந்நிலையில் உள்ளது என்பதை ஆராய்ந்து 1988இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். பகலில் கூலிவேலையோ கடைவேலையோ பார்த்துவிட்டு மாலையில் சபையை நடத்தும் போதகர்கள் அந்தச் சமூகத்தில் ஏராளம். சபைகளே நடத்தும் மாலைநேர வேதாகமப் பள்ளிகளில் ஸ்பானிய மொழியில் கற்றவர்கள் அவர்கள். இறையியல் கல்லூரியோ இளங்கலைப் பட்டத்தைக் கேட்கும். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும். அந்தச் சமூகத்திலிருந்து பேராசிரியர்கள் அரிதாகவே வந்ததால், மாணவர்களுக்கு வழிகாட்டவும் ஆளில்லை. வழிகாட்ட ஆளில்லாததால் அடுத்த தலைமுறைப் பேராசிரியர்களும் உருவாகவில்லை.

இந்த நிலையை அவர் வெறும் ஆய்வுப் பொருளாக விட்டுவிடவில்லை. 1989இல் ஸ்பானிய மொழி மாணவர்களுக்கான கோடைக்காலப் படிப்பு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இறையியல் கல்விக்கென ஒரு சங்கம் உருவானது. 1996இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஒரு திட்டம் பிறந்தது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே என்னை மிகவும் கவர்ந்தது. உதவித்தொகை தருவதோடு அது நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மூத்த அறிஞரை வழிகாட்டியாக அமர்த்தியது, ஆய்வேட்டைச் செப்பனிடத் தொகுப்பாசிரியர்களைத் தந்தது, வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தனித்துக் கிடந்தவர்களை ஒன்றுகூட்டியது. பணம் தீர்ந்து படிப்பை விடுபவர்களைப் போலவே தனிமையால் விடுபவர்களும் உண்டு என்பதை உணர்ந்தவர்களால்தான் இப்படியொரு திட்டத்தை வகுக்க முடியும்.

மேற்சொன்ன சங்கம் பின்னாளில் அந்த மாலைநேர வேதாகமப் பள்ளிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கவும், அங்கே பயின்றவர்கள் இறையியல் கல்லூரிகளின் மேற்படிப்பில் சேர வழிசெய்யவும் முற்பட்டது. சபை தன் வறுமைக்கு நடுவே கட்டி எழுப்பிய கல்வியைக் குறைபாடாகக் கருதாமல் அடித்தளமாக ஏற்ற இந்த அணுகுமுறையே, என் கணிப்பில், அவருடைய தலைமுறை விட்டுச்சென்ற பெருங்கொடை.

டொரொன்டோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்ச் சபைகளை எண்ணும்போது, நம் போதகர்கள் எங்கே, எந்த மொழியில், யாருடைய செலவில் படித்தார்கள், அங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளுள் எத்தனை பேர் இறையியல் படிக்கச் செல்கிறார்கள், செல்பவர்களுக்கு வழிகாட்டுவோர் யார் என்பதையெல்லாம் யாராவது முறையாகத் திரட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதைச் செய்ய வேண்டியவர், ஞாயிறுதோறும் அந்தச் சபைகளில் பிரசங்கிப்பவராகவும் இருக்க வேண்டும்.