காவடிச் செலவும் ஆளுக்கொரு பார்வையும்

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை என்பதால் கோவிலுக்குக் கூட்டமும் அதற்கேற்பச் செலவும் பெருகும். ஆகவே எங்கள் ரோஸ் ஹில் குழுவின் வரவுசெலவுத் திட்டத்தைக் கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய விரிதாளில் எல்லோரும் சேர்ந்தே எழுதுகிறோம். அன்னதானப் பொறுப்பாளர் தமக்கு வேண்டியதை மட்டும் காட்டும் சாதாரண வடிகட்டியைப் (filter) போட்டால், பூ, பந்தல் செலவுகள் உள்ள வரிகள் மற்றவர்களின் திரையிலிருந்தும் மறைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, போட்டவர் திரையில் மட்டும் வடிகட்டிக் காட்டும் வடிகட்டிப் பார்வை (filter view). தரவு மெனுவில் அதை உருவாக்கி, "அன்னதானம் - பாக்கி" என்று பெயரிட்டுச் சேமித்தால், அடுத்தவர் பார்ப்பது மாறாது. ஒவ்வொரு பார்வைக்கும் தனி இணைய முகவரி உண்டு. அதை நகலெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால், பொருளாளர் ஐயா அரிசி, பருப்பு, காய்கறி வரிகளுக்கே நேராகச் சென்றுவிடுவார். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் தற்காலிகப் பார்வையை அமைக்கலாம், சேமிக்க முடியாது. ஆனால் திருத்தும் உரிமையுள்ளவர் தம் பார்வைக்குள் ஒரு தொகையை மாற்றினால், அது எல்லோருக்கும் மாறும்.

குழுக்கள் மிகவும் கவனிக்க வேண்டியது, இந்தப் பார்வை பூட்டு அல்ல என்பதே. அதை மூடினால் மறைந்த வரிகள் அனைத்தும் தெரியும். நன்கொடையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தனிக் கோப்பில்தான் இருக்க வேண்டும். வேறொரு கோப்பின் தரவை இழுத்துவரும் இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) சூத்திரம் வழியாக இணைத்தாலும், ஒருமுறை அனுமதி கொடுத்தபின் தாளைத் திருத்தக்கூடிய எவரும் மூலக் கோப்பின் மற்ற பகுதிகளையும் இழுத்துவிட முடியும்; அதனால் நன்கொடை மொத்தத்தை மட்டும் பொருளாளர் கையாலேயே பதிகிறார்.