மலைமேல் ஒரு சமுதாயக் கல்லூரி: தேர்ச்சிக் கணக்கில் யாரை எண்ணுவது?

"92 சதவீதத் தேர்ச்சி" என்று வாசலில் பேனர் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை பேரில்? நீலகிரி மலையில், குறுகிய காலத் தொழிற்படிப்புகள் நடத்தும் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஜூலையில் 40 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து வகுப்பில் 36 பேர். தேர்வு எழுதியது 24, தேறியது 22. 24 பேரில் 22 என்றால் 92 சதவீதம், 36 பேரில் என்றால் 61, 40 பேரில் என்றால் 55. மூன்றுமே சரியான வகுத்தல்தான். ஆனால் முதல் எண்ணை மட்டும் வெளியே சொல்லும் கல்லூரி, தேர்வுக்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளைக் கணக்கிலிருந்தே அழித்துவிடுகிறது.

அதனால் முதல் வேலை, பட்டியலைப் பூட்டுவது. வகுப்பு தொடங்கிய 30-ஆம் நாள் மாலை சேர்க்கைப் பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போட்டு, முதல்வரும் ஓர் ஆசிரியரும் தேதியோடு கையெழுத்திட வேண்டும். அதன்பின் இறப்பைத் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் பெயரை நீக்கக் கூடாது. டி.சி. வாங்கிப் போனாலும், கல்யாணமாகிப் போனாலும், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாலும் பெயர் அங்கேயே இருக்கட்டும். பக்கத்துக் கட்டத்தில் நிலைமையை எழுதினால் போதும். 40 பேர் 36 ஆன முதல் மாத இழப்பைத் தனி எண்ணாகச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் பாடத்தின் குறை அல்ல. சேரும்போது பஸ், கட்டணம், நேரம் பற்றிச் சரியாகச் சொல்லாததன் விளைவு.

போனவர் எல்லாரும் தோற்றவர் இல்லை. அமெரிக்க சமுதாயக் கல்லூரிகள் இதில் வெகுகாலம் மல்லுக்கட்டின. 1990-இல் வந்த சட்டத்தின்படி அங்கே முழுநேரமாக, முதன்முறையாகச் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி, படிப்புக் காலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குள் முடித்தார்களா என்று பார்ப்பார்கள். பகுதிநேரமாகப் படித்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பின்னால் கல்லூரிகளின் சங்கமே ஆறு வருடம் வரை தொடர்ந்து பார்க்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. வேறு கல்லூரிக்கு மாறியவர், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. நம் பதிவேட்டிலும் 'முடித்தார்', 'ஆறு மாதச் சான்றிதழோடு வெளியேறினார்', 'வேறு படிப்புக்குப் போனார்', 'இன்னும் படிக்கிறார்', 'நின்றுவிட்டார்', 'தகவல் இல்லை' என ஆறு நிலைகள் வேண்டும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) சமுதாயக் கல்லூரித் திட்டத்தில் ஆறு மாதத்துக்குச் சான்றிதழ், ஓர் ஆண்டுக்கு டிப்ளமோ என்று படிப்படியாக வெளியேற வழி இருக்கிறது. சான்றிதழ் வாங்கிப் போனவரை இடைநின்றவராக எழுதுவது அநியாயம். 'தகவல் இல்லை' என்பதை எந்தச் சாக்கிலும் நல்ல கணக்கில் சேர்க்காதீர்கள்.

வருகைப் பதிவில் வெறும் 'ஆ' (ஆப்சென்ட்) போட்டால் நீலகிரியில் ஒன்றும் தெரியாது. மழைக்காக கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு ஆட்சியர் விடுமுறை விட்ட நாள் வேலைநாளே அல்ல, அதைக் கழித்துவிடலாம். கல்லூரி திறந்திருந்தும் மண்சரிவில் பஸ் நின்றது, பாதையில் யானை நின்றது, தேயிலைத் தோட்டத்தில் பறிக்க இலை அதிகம் என்று கூலிக்குப் போனது, உடம்பு சரியில்லை என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், முதல் பீரியடை அரை மணி தள்ளினாலே சேரம்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்பது போன்ற விஷயங்கள் கண்ணில் படும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் அன்று மாலையே போன், ஐந்தாம் நாள் வீட்டுக்கே ஆள். பத்து நாள் விட்டுக் கேட்டால் பிள்ளை மனதளவில் போயிருக்கும்.

திறமையை அளப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், கல்லூரிகள் அதிகம் கைவிடுவதும் இதைத்தான். நோயாளி பராமரிப்பு வகுப்பில் இரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 70 என்று மதிப்பெண் போட்டால் எதில் தவறினார் என்று தெரியாது. படிகளாகப் பிரித்து 'செய்தார், செய்யவில்லை' என்று மட்டும் குறியுங்கள்: ஐந்து நிமிடம் உட்கார வைத்தாரா, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்தாரா, காலைக் கீழே ஊன்றச் சொன்னாரா, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்தாரா, பட்டையை வெறும் தோலில் சுற்றினாரா. ஊட்டி, குந்தா குளிரில் கடைசிப் படியில்தான் பலர் சறுக்குவார்கள். ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார்கள், அல்லது ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிடுவார்கள். சுருட்டிய துணி புஜத்தை இறுக்கி அளவைக் கெடுத்துவிடும். ஸ்வெட்டரிலிருந்து ஒரு கையை முழுதாக உருவச் சொல்ல வேண்டும். இந்தப் படிகள் எழுதிய தாளை முதல் வாரம், ஆறாம் வாரம், கடைசி வாரம் என மூன்று முறை ஓட்டுங்கள். ஆறாம் வாரத்தில் பாதி வகுப்பு ஒரே படியில் தவறினால் குறை கற்பித்ததில் இருக்கிறது.

வேலைவாய்ப்புக் கணக்கு மலையில் தனியாக ஏமாற்றும். ஏப்ரலில் படிப்பு முடிகிறது, ஊட்டியில் சீசன். லாட்ஜ், ஹோட்டல் எல்லாம் ஆள் கேட்கும். மே மாதம், மலர்க் கண்காட்சி சமயத்தில் எண்ணினால் ஹோட்டல் பிரிவில் எல்லாருக்கும் வேலை இருப்பதாகத் தோன்றும். ஜூலை மழையில் பாதிப் பேர் வீட்டில் இருக்கக்கூடும். ஆகவே முதல் விசாரிப்பை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வையுங்கள். இரண்டாம் சீசன் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். அடுத்தது பிப்ரவரியில். ஆஃபர் லெட்டரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதே இடத்தில்தான் இருக்கிறாரா, போன மாதம் கையில் வந்த பணம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் உண்டா, படித்த தொழிலா என நான்கே கேள்விகள். தங்குமிடத்தோடு வரும் சம்பளத்தையும் வீட்டிலிருந்து போய்வரும் சம்பளத்தையும் சேர்த்து சராசரி எடுத்தால் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. சேரும்போதே மூன்று போன் நம்பர் வாங்கிவிடுங்கள்: சொந்த நம்பர், வீட்டு நம்பர், பக்கத்து மளிகைக்கடை அல்லது மகளிர் குழுத் தலைவி நம்பர். முதல் நம்பர் ஒரு வருடத்துக்குள் மாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எஸ்டேட் முகவரி என்றால் டிவிஷன், லைன் வீட்டு எண் வரை எழுத வேண்டும்.

36 பேர் வகுப்பில் ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ கிட்டத்தட்ட 3 சதவீதம் ஆடும். போன வருடத்தைவிட 3 சதவீதம் முன்னேற்றம் என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை. '36-இல் 22' என்றே எழுதுங்கள், மூன்று வருடத்தைக் கூட்டி ஒப்பிடுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பழங்குடிகளைத் தனித்தனியாகப் பார்ப்பது உள்ளே அவசியம்; யார் எங்கே விடுபடுகிறார்கள் என்பது அதில்தான் தெரியும். ஆனால் வகுப்பிலேயே ஒரே ஒரு கோத்தர் பையன் இருக்கும்போது 'கோத்தர்: 1, தேறவில்லை' என்று நோட்டீஸ் போர்டில் போட்டால் ஊருக்கே அவன் பெயரைச் சொன்ன மாதிரி. ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கையை வெளியே காட்ட வேண்டாம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால்தான் இதெல்லாம் பயன்படும். முதல் மாத இழப்புக்கு சேர்க்கைப் பொறுப்பாளர், வருகைக்கு வகுப்பாசிரியர், திறமைப் படிகள் எழுதிய தாளுக்குப் பாட ஆசிரியர், ஆகஸ்ட் கணக்குக்கு வேலைவாய்ப்பு அலுவலர், 'தகவல் இல்லை'க்கு முதல்வர். போன் பேசி, வீடு தேடிப் போகும் நேரத்தையும் பஸ் காசையும் கல்லூரி கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் தலையில் அதைச் சும்மா கட்டுவது தவறு.

சம்பளத்தையோ மானியத்தையோ தேர்ச்சி எண்ணோடு மட்டும் கட்டிவிடாதீர்கள். கட்டிய மறு வருடமே வாசல் குறுகும்: பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த பிள்ளைக்கு "சீட் ஃபுல், அடுத்த வருஷம் வாப்பா" என்ற பதில் கிடைக்கும். வகுப்பு சிறுத்து, சதவீதம் மட்டும் உயரும். அதனால் சேர்க்கை மேஜையில் இன்னொரு நோட்டும் இருக்கட்டும்: விண்ணப்பம் கேட்டு வந்தவர் பெயர், ஊர், என்ன படித்தவர், சேர்த்தோமா, இல்லையென்றால் ஏன். ஆண்டறிக்கையில் தேர்ச்சி எண்ணுக்குப் பக்கத்து வரியிலேயே அந்த நோட்டின் கூட்டலும் வர வேண்டும்.