பெரும்பாக்கம் குட்டையில் ஒரு காலை

இன்று விடியற்காலையில் பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கும் ஒரு குட்டையோரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் பழைய சின்ன டிஜிட்டல் கேமரா மட்டும்தான்.

பூச்சி எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் சின்ன கேமராவின் சென்சார் சிறியது. அதனால் மிக அருகில் வைத்து எடுத்தாலும் பூச்சியின் உடம்பில் அதிகப் பகுதி தெளிவாக விழுகிறது. பூப் படம் போட்ட மேக்ரோவுக்கு (மிக அருகில் இருப்பதை எடுக்கும் அமைப்பு) மாற்றிக்கொண்டு, ஜூமைத் தொடாமல் கேமராவையே பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஜூம் செய்தால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது.

தட்டானுக்குப் பொறுமை போதும். பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான், முதுகோடு மடித்து வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். தவளைதான் கஷ்டம், நம் நிழல் விழுந்தாலே முங்கிவிடும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தேன். அப்போதுதான் அதன் கண்ணும் என் லென்ஸும் நேருக்கு நேர் வந்தன. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் கோரைத் தண்டில் ஒரு தட்டான் கூடு. முதுகு பிளந்த வெறும் தோல். தண்ணீருக்குள் கொசுப்புழு தின்று வளர்ந்த குஞ்சு, இரவில் ஏறி வந்து, தோலை உரித்துவிட்டுப் பறந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.