கண்ணில் தங்கும் நாணயம்

பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் பேத்தியின் கண்முன்னே பத்து ரூபாய் நாணயத்தை மறையவைத்தார். அவள் தாத்தாவின் இடது கையைப் பிரித்துப் பார்த்தாள். காலி.

நான் அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு நிதானம்!

நாணய வித்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாணயம் இடது உள்ளங்கையில் பளிச்சிடும். விரல்கள் மூடும் நொடியில் வலது கை அதை உருவிக்கொள்ளும். அந்தப் பளபளப்பு கண்ணில் ஒரு கணம் தங்கிவிடுவதால், நாணயம் உள்ளேயே இருப்பதாக மனம் நம்பிவிடும்.

பிறகு அதை ஒளிக்க வேண்டுமே. கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவே நாணயம் நிற்கும். விரல்கள் மட்டும் விறைக்கக் கூடாது. 27 மில்லிமீட்டர் அகலமுள்ள நம் பத்து ரூபாய் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

அமெரிக்காவின் நெல்சன் டவுன்ஸ் (1867–1938) ரயில்வேயில் தந்தி அடித்தவர். பின்னாளில் மேடையேறி, வெறுங்காற்றிலிருந்து நாணயங்களைப் பறித்துத் தொப்பியில் போட்டுக்கொண்டே இருப்பார். 'நாணயங்களின் அரசர்' என்ற பட்டம் அவருக்குத் தகும்.

பழக விரும்புகிறவர்கள் முதலில் நாணயத்தை உண்மையாகவே கைமாற்றிப் பாருங்கள். அப்போது உங்கள் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள். மறைக்கும்போதும் அது அங்கேயே போக வேண்டும்.